லைன் கிளியர் வாங்காமல் கை வைக்காதீர்கள்

விண்ணில் சூரிய மின்சாரம் எடுத்துக் கம்பியில்லாமல் பூமிக்கு இறக்கத் திட்டம் போடும் விண்வெளிப் பொறியாளர்களுக்கும், அதற்கு இடம் பார்க்கப்போகும் அதிகாரிகளுக்கும்,

போன மாதம் பக்கத்து டவுனில் ஒரு கல்லூரியில் உங்கள் துறைக்காரர் ஒருவர் பேச வந்திருந்தார். திரையில் ஒரு படம் போட்டார். மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள், அங்கிருந்து நீல நிறத்தில் இறங்கும் ஒரு கற்றை, கீழே பழுப்பு நிலத்தின்மேல் முட்டை வடிவில் ஒரு வெள்ளைக் கோடு. கற்றை எப்படி உருவாகிறது, எப்படிக் குறி தப்பாமல் இறங்குகிறது என்று நாற்பது நிமிடம் அருமையாகச் சொன்னார். அந்த முட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு மாணவி எழுந்து, "சார், இதை வாங்குற இடம் நம்ம பக்கம் எங்கே வரும்?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "தென் மாவட்டத்துல இடத்துக்கா பஞ்சம்? தரிசு கொட்டிக் கிடக்குதே" என்றார். அரங்கமே கை தட்டியது. கடைசி வரிசையில் இருந்த நான் தட்டவில்லை. அவர் சொன்ன தரிசில்தான் என் அண்ணன் ஆடு மேய்க்கிறார்.

அவர் ஒருவரைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. நான் பார்த்த படங்களில் எல்லாம் அந்த முட்டைக்குள் ஒன்றும் இருந்ததில்லை. ஓர் ஓடை, ஒரு கோயில், ஒரு பனைமரம்கூட இல்லை. மேலே இருக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு வைத்திருக்கும் நீங்கள், கீழே இருப்பதை வெள்ளையாக விட்டுவிடுகிறீர்கள். அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாததால் இந்த மடல்.

நான் மின் துறையில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். 33 வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியிருக்கிறேன். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. கரிசல் காட்டில் ஒரு வீட்டுக்கு முதன்முதலில் சர்வீஸ் கொடுத்து, சுவிட்சைப் போட்டதும் அந்தக் கிழவி குண்டுபல்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதை நேரில் பார்த்தவன். ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2010 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இந்த விண்வெளி மின்சாரத்துக்காக ஒரு முயற்சியை அறிவித்தபோது, பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பிரிவு அலுவலகத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நான்தான். எங்கள் பக்கத்து மனிதர் சொல்கிறார் என்ற பெருமை. அது இப்போதும் குறையவில்லை.

அதனால் உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வானத்தில் மேகம் இல்லை, மழை இல்லை, ராத்திரி என்பதே ஏறக்குறைய இல்லை. காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் வெயில் அடிக்கிறது. இங்கே சித்திரை உச்சிவெயிலில்கூடச் சுமார் 1,000 வாட்தான், அதுவும் சில மணி நேரம். அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968-ல் இந்த யோசனையை எழுதியதிலிருந்து உலகம் சும்மா இருக்கவும் இல்லை. 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு மைக்ரோவேவ் அலையாக அனுப்பி, எதிர்ப்பக்கம் 30 கிலோவாட்டுக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள். எங்கள் கணக்கில் சொன்னால் 5 குதிரைத்திறன் மோட்டார் எட்டு ஓடும். கம்பியில்லாமல், அந்தக் காலத்திலேயே! 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தார் விண்ணில் பறந்துகொண்டிருந்த கருவிக்குள்ளேயே ஓரடி தள்ளி இருந்த இரண்டு எல்.இ.டி. விளக்கை அப்படி எரியவைத்தார்கள். அதே கருவியிலிருந்து பூமிக்கு வந்த அலையைத் தங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் பிடித்தும் காட்டினார்கள். ஓரடிதானே என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் பல்பு எரிவதைப் பார்த்தவன் சிரிக்கமாட்டான்.

இனி அந்த முட்டைக்கு வருகிறேன்.

அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 1970-களின் கடைசியில் ஒரு மாதிரித் திட்டம் போட்டன. இன்றைக்கும் எல்லோரும் அதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒரு செயற்கைக்கோளிலிருந்து 5,000 மெகாவாட். அதை வாங்க, 35 டிகிரி அட்சரேகையில் 13 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ள நிலத்தில் ஆன்டெனா வலை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கற்றை தலைக்கு மேலிருந்து ஏறக்குறைய நேராக இறங்கும். முட்டை சுருங்கி வட்டமாகிவிடும். அதனால்தான் தென்கோடி உங்கள் கண்ணுக்கு நல்ல இடமாகப் படும் என்று நினைக்கிறேன். 10 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்றால் 78 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏக்கரில் 19,000-ஐத் தாண்டும். வேலிக்கு வெளியே விடவேண்டிய பாதுகாப்பு இடம் தனி.

தரையில் பேனல் போட்டாலும் இடம் வேண்டும்தானே என்பீர்கள். உண்மை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் ஆகிறது. 5,000 மெகாவாட்டுக்கு அதுவும் 20,000 ஏக்கரில் போய் நிற்கும். ஆனால் அது பகலில் மட்டும் விளைவது, சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். உங்களுடையது இரவும் பகலும் வரும். அதே நிலத்தில் ஐந்து மடங்கு மின்சாரம். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, அதில் எனக்குச் சண்டையும் இல்லை. என் சண்டை, அந்த 19,000 ஏக்கருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை என்பதில்தான்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேடு என்று ஒன்று இருக்கும். வாங்கிப் புரட்டிப் பாருங்கள். 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு', 'மேய்க்கால் புறம்போக்கு', 'ஓடை', 'வண்டிப்பாதை', 'களம்' என்று வரிசையாகப் புல எண்கள் வரும். இதில் 'தரிசு' என்பது வரி போடுவதற்காக எழுதிய வார்த்தை. அந்த இடத்தில் யாரும் பிழைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எங்கள் ஊர்த் தரிசில் புரட்டாசிக்குப் பிறகு மழை விழுந்தால் பத்து நாளில் புல் முழங்கால் உயரம் வரும். மார்கழி, தை மாதங்களில் ஆடுகள் அதில்தான். பட்டாக் காட்டில் உளுந்தும் பாசியும் எடுத்து, சோளத்தட்டை அறுத்த பிறகு ஆடுகள் அங்கே மாறும். ராத்திரி ஆடுகளை அங்கேயே அடைத்துக் கிடை போட்டால் காட்டுக்காரருக்கு உரம், மேய்க்கும் கீதாரிக்குக் கூலி. சீமைக்கருவேல் முளைத்துப் புதராகக் கிடக்கும் இடம்கூட யாருக்காவது சோறு போடுகிறது. மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள் எங்கள் ஊரில் பதினேழு குடும்பம். இவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெயரில் பட்டா இல்லை. நிலம் கைமாறும்போது பட்டாக்காரருக்குச் செக் வரும், புரோக்கருக்குக் கமிஷன் வரும். ஆட்டுக்காரருக்கு எதுவும் வராது. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையே!

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரை ஒட்டி ஒரு சூரிய மின் நிலையம் வந்தது. யார் நடத்துகிறார்கள் என்பது இங்கே தேவையில்லை. இந்த மடல் அவர்களுக்கு எழுதியதல்ல. வருவதற்கு முன் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மைக்கில் பேசியவர், "பேனலுக்கு அடியில் புல் வளரும், அந்தப் புல் உங்கள் ஆட்டுக்குத்தான்" என்றார். கைத்தட்டல் அன்றைக்கும் கிடைத்தது. எழுதி வாங்கலாம் என்று நான் சொன்னேன். "நீங்க கவர்மெண்டு ஆளு, எல்லாத்துக்கும் பேப்பர் கேப்பீங்க" என்று ஊர்ப் பெரியவர் ஒருவரே என்னை உட்காரச் சொன்னார்.

முதல் வருடம் சொன்னபடிதான் நடந்தது. அண்ணனிடம் அப்போது எழுபதுக்கு மேல் வேம்பூர் ஆடுகள். வெள்ளை உடம்பில் செம்பொட்டு இருக்கும், பொட்டு ஆடு என்போம். காலையில் கேட்டைத் திறந்துவிடுவார்கள், ஆடுகள் பேனல் வரிசைக்கு நடுவே வரிசை கட்டிப் போகும். நிழலும் புல்லும் ஒரே இடத்தில். "இப்படி ஒரு காடு கெடச்சதே இல்லடா தம்பி" என்று அண்ணன் சொன்னார். கம்பெனிக்கும் லாபம்தான், புல் வெட்ட ஆள் வேண்டாம். பிறகு ஒருநாள் யாருடைய வெள்ளாடோ உள்ளே புகுந்துவிட்டது. செம்மறி குனிந்து மேயும், வெள்ளாடு எதன்மேலும் ஏறும். அது பேனல்மேல் ஏறி நின்றது, கண்ணாடி விரிசல் விட்டது, கீழே தொங்கிய கேபிள் ஒன்றையும் கடித்து வைத்தது. மறுநாள் கேட்டுக்குப் பூட்டு. அண்ணன் போய், அது என் ஆடு இல்லை, செம்மறி ஏறாது என்று சொல்லிப் பார்த்தார். செக்யூரிட்டி, "எனக்கு ஆர்டர் இல்லைங்க" என்றான். அடுத்த மழைக்கு உள்ளே களைக்கொல்லி அடித்தார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் புல் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்ததை அண்ணனும் நானும் நின்று பார்த்தோம்.

கண்மாய்க் கதை இன்னொன்று. நிலையத்துக்குள் லாரி போக மண்ணைக் கொட்டி மேடாக ரோடு போட்டார்கள். மேற்கே இருந்து எங்கள் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அந்த ரோட்டுக்கு அடியில் போனது. குழாய் போட்டிருந்தார்கள், ஆனால் சின்னக் குழாய். ஐப்பசியில் ஒரே இரவில் அடிக்கும் மழைக்கு அது எந்த மூலைக்கு? தண்ணீர் ரோட்டின் மேற்குப் பக்கம் தேங்கி, வேறு பக்கம் திரும்பி ஓடிவிட்டது. அந்த வருடம் கண்மாயில் மடைக்கல் தொடும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. வரைபடத்தில் அந்த வரத்துக்கால் இருந்ததா என்று கேட்டேன். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியவில்லையாம். கோடையில் எடுத்த படம். கோடையில் அது காய்ந்த பள்ளம்தான், ஆடு நடந்த தடம் மாதிரி இருக்கும்.

இப்போது அண்ணனிடம் 22 ஆடுகள். அந்த நிலையம் சில நூறு ஏக்கர்தான். நீங்கள் போடுவது 19,000.

உங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதுவும் எனக்குத் தெரியும். ஆன்டெனா என்பது பேனல் மாதிரி மூடிய பலகை இல்லை, வலை போன்றது. மைக்ரோவேவை மேலேயே பிடித்துக்கொண்டு வெயிலில் பெரும்பகுதியைக் கீழே விடும். அதனால் அடியில் பயிர் செய்யலாம், ஆடு மேய்க்கலாம் என்கிறீர்கள். பொறியியலாக அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் இதே வாக்கியத்தை ஒருமுறை மைக்கில் கேட்டுவிட்டோம்.

அடுத்தது கற்றை. மைக்ரோவேவ் என்றதும் ஊரில் எல்லோரும் அடுப்பைத்தான் நினைக்கிறார்கள், வானத்திலிருந்து வறுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அது தேவையில்லாத பயம் என்று நானே டீக்கடையில் சொல்லி வருகிறேன். அந்த அமெரிக்க மாதிரித் திட்டத்தில் கற்றையின் நடுவிலேயே சதுர மீட்டருக்கு 230 வாட்தான், உச்சிவெயிலில் கால்வாசி. கீழேயிருந்து போகும் வழிகாட்டி அலை நின்றுபோனால் கற்றை தானே கலைந்து பரவிவிடும்படியும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை.

"ராத்திரியும் அடிக்குமா?"

"அடிக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது."

"சூடு தெரியுமா?"

"நடுவுல நின்னா ஒருவேளை உடம்பு கதகதன்னு இருக்கும். ஓரத்துல தெரியாது."

"வெயிலுன்னா ஆடு தானா நெழலுக்கு ஒதுங்கும். இதுக்கு எங்கே ஒதுங்கணும்னு அதுக்கு எப்படிரா தெரியும்?"

ஆட்டை வேலி போட்டுத் தடுக்கலாம். பறவையை? ராமநாதபுரம் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் இருக்கும் பறவைக் கண்மாய்கள். குளிர்காலத்தில் வரும் வலசைப் பறவைகள் உங்கள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகாது.

வேலிக்கும் ஒரு கணக்குக் கேட்கிறேன். அந்தத் திட்டப்படி ஆன்டெனாவின் விளிம்பில் சதுர மீட்டருக்கு 10 வாட். பொதுமக்கள்மேல் படும் அலைக்கான பன்னாட்டு வரம்பும் அதே 10 வாட்தான், அதனால் பாதுகாப்பு என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்தியாவில் செல்போன் கோபுரங்களுக்கு 2012 செப்டம்பரிலிருந்து அந்தப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்று குறைத்தார்கள். நீங்கள் பயன்படுத்த நினைக்கும் 2.45 கிகாஹெர்ட்ஸ் இருக்கும் அலைவரிசைப் பகுதிக்கு அது 1 வாட். மாடியில் இருக்கும் கோபுரத்துக்கு 1 வாட் என்றால், வானத்திலிருந்து வருவதற்கு மட்டும் 10 வாட்டா? 1 வாட்டுக்கு இறங்கும் இடம்வரை வேலியைத் தள்ளினால் எத்தனை ஏக்கர் கூடும்? கல்லூரிக்கு வந்தவரிடம் இதைத்தான் கேட்க நினைத்தேன். அதற்குள் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது.

விலையைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. நாசாவே 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் 2050 வாக்கில் இரண்டு மாதிரிகளைக் கணக்குப் போட்டு, ஒரு யூனிட் 61 சென்ட் என்றும் 1 டாலர் 59 சென்ட் என்றும் சொன்னது. அன்றைய மதிப்பில் நம் காசுக்குச் சுமார் ஐம்பது ரூபாயும் நூற்றிமுப்பது ரூபாயும். 2020 டிசம்பரில் குஜராத்தில் சூரிய மின்சார ஏலம் 1 ரூபாய் 99 காசுக்குப் போனது. ராக்கெட் செலவும் மற்றதும் வெகுவாகக் குறைந்தால் விலை சில சென்ட்டுக்கு இறங்கும் என்றும் அதே அறிக்கை காட்டுகிறது. இறங்கட்டும். அது உங்கள் கவலை.

ஆனால் லைன்மேனாக ஒரு விஷயம் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட். நீங்கள் ஒரே புள்ளியில் 5,000 இறக்குகிறீர்கள், அதாவது மாநிலத் தேவையில் நாலில் ஒரு பங்கு. வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி ஆறேழு வாரம், நள்ளிரவு வாக்கில் செயற்கைக்கோள்மேல் பூமியின் நிழல் விழும். உச்சத்தில் 70 நிமிடத்துக்குச் சற்று மேல் மின்சாரம் நின்றுபோகும். அது எப்போது என்று நொடிக் கணக்காய் முன்கூட்டியே தெரியும், சமாளித்துவிடலாம். திடீரென்று நின்றால்? அது இருக்கட்டும், வந்த 5,000 மெகாவாட்டை எடுத்துப் போகக் கம்பி வேண்டும், டவர் வேண்டும், சப்ஸ்டேஷன் வேண்டும். 36,000 கிலோமீட்டர் கம்பியில்லாமல் வந்தது, எங்கள் காட்டுக்கு வந்ததும் கம்பியில்தான் ஏறும். ஒவ்வொரு டவருக்கும் நாலு கால், ஒவ்வொரு காலும் யாரோ ஒருவரின் காட்டில். அதுவும் உங்கள் படத்தில் இல்லை. டவர் தலைக்கு மேலே போகும், அடியில் இருக்கும் வீட்டில் லோ வோல்டேஜில் மிக்சி சுற்றாது. இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அந்த வீடுகளில் புகார் எழுதி வாங்கியவனே நான்தான்.

இத்தனையும் இருபது, முப்பது வருடம் கழித்து வரப்போவது, இப்போதே ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். எங்கள் கடற்கரையில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டாகிவிட்டது. விண்வெளி எங்களுக்குத் தூரத்து விஷயமாக இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வரைபடத்தில் 'காலி' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது காகிதம் விட்டுக் காகிதம் ஏறி, கடைசியில் அரசாணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஆட்சேபணை மனு கொடுக்க எங்களுக்கு எத்தனை நாள் தருவார்கள் என்பது தெரிந்ததுதான்.

சட்டம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 2013-ம் வருடத்து நில எடுப்புச் சட்டம் தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பேரின் சம்மதம் கேட்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கான 1997-ம் வருடத்துச் சட்டத்தின் வழியே எடுத்தால் அந்தச் சம்மதம் தேவைப்படாது. புரோக்கர் வைத்துத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கினாலோ, அந்தச் சம்மதம் என்ற பேச்சே இல்லை. ஊர்ப் பொதுநிலங்களைக் காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. எங்கள் மேய்க்கால் புறம்போக்கின் குறுக்கே இன்று கம்பி வேலி ஓடுகிறது.

எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் கிளியர். லைனில் வேலை செய்யவேண்டுமானால் முதலில் சப்ஸ்டேஷனில் எழுதி வாங்கவேண்டும். யார் கேட்டார், சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் எந்த ஃபீடர் லைன், எத்தனை மணிக்குக் கொடுத்தது, யார் கையெழுத்து, எல்லாம் நோட்டில் ஏறும். வேலை முடிந்து ஆட்கள் எல்லோரும் இறங்கியாயிற்று என்று வாங்கியவரே திருப்பிக் கொடுக்கும்வரை எவனும் சுவிட்சைத் தொடக் கூடாது. "ஆஃப் பண்ணிட்டேன்ணே, ஏறுங்க" என்று போனில் சொன்னதை நம்பி ஏறிய ஒரு பையனை நான் கயிறு கட்டி இறக்கியிருக்கிறேன். 24 வயது. அதற்குப் பிறகு வாய்வார்த்தையை நம்பி நான் எந்தக் கம்பத்திலும் கை வைத்ததில்லை, என் ஆட்களை வைக்கவிட்டதும் இல்லை.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். எங்களிடம் எல்.சி. வாங்குங்கள்.

எந்த அறிக்கையிலானாலும் அந்த முட்டையைத் தமிழ்நாட்டின்மேல் வரையும் முன், அதற்குள் வரும் கிராமங்களின் பெயரையும் புல எண்களையும் தமிழில் வெளியிடுங்கள். அ பதிவேட்டை மட்டும் பார்த்து எழுதவேண்டாம். ஒரு ஐப்பசியிலும் ஒரு தையிலும் நடந்து பார்த்து, ஓடை, வரத்துக்கால், ஆட்டுப்பாதை, கிடை போடும் இடம், கரிமூட்டம் போடும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். கோடையில் எடுத்த படம் செல்லாது. அந்தக் கிராமங்களின் கிராமசபையில் தீர்மானம் நிறைவேறாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். பட்டா இல்லாத மேய்ப்பவர்களும் கரி எடுப்பவர்களும் குத்தகைக்காரர்களும் அந்தச் சபையில் தனியாகப் பேசவேண்டும், அவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும்.

நிலத்தை விலைக்கு வாங்காதீர்கள். குத்தகைக்கு எடுங்கள், வாடகை வருடாவருடம் ஏறட்டும், திட்டம் முடிந்தால் நிலம் திரும்பி வரட்டும். வலைக்கு அடியில் மேயலாம், பயிர் வைக்கலாம் என்பது உண்மையானால் அதை ஒப்பந்தத்தில் ஒரு விதியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வெள்ளாடு புகுந்ததற்காக எல்லா ஆட்டுக்கும் பூட்டுப் போடமுடியாதபடி எழுதுங்கள். களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

வேலி நம் நாட்டுச் செல்போன் கோபுர வரம்புப்படி, 1 வாட்டில் நிற்கவேண்டும். கேட்டுக்குக் கேட்டு அளவுமானி வைத்து, இப்போது எவ்வளவு என்று தமிழில் எழுதிக் காட்டுங்கள். அதைச் சரிபார்க்கும் ஆள் உங்கள் சம்பளம் வாங்காத ஆளாக இருக்கவேண்டும். பறவைகளுக்கும் கால்நடைகளுக்கும் என்ன ஆகும் என்பதை எங்கோ பாலைவனத்தில் பார்த்துவிட்டு வராதீர்கள். வேம்பூர் ஆட்டையும் எங்கள் கண்மாய்க்கு வரும் நாரையையும் வைத்துப் பாருங்கள். அதுவும் முதலில் ஒரு ஏக்கரில், பத்து வருடம்.

வட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மும்முனை மின்சாரம் 24 மணி நேரமும், தனி ஃபீடரில். இது இலவசத்துக்காகக் கேட்பதில்லை, பில்லைக் கட்டிவிடுகிறோம்.

கடைசியாக, கல்லூரிகளில் பேசப்போகும்போது 'தரிசு' என்ற வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த மாணவிக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அவள் கேட்டது எங்கே என்று.

இதற்குப் பதில் எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம், ஊராட்சி அலுவலகத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அளவுக்கு ஒரு பக்கம் போதும். கீழே கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
உங்கள் வட்டத்துக்குள் வரக்கூடிய ஒரு கரிசல் ஊர்